சாதனை, சோதனை, பதிவு: அடுக்கு மண்டலத்திலிருந்து மனிதன் குதிப்பது எதற்காக?

ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 2025 ஜூலை 17 அன்று இத்தாலியில் பாராகிளைடர் விபத்தில் இறந்தபோது, அவரைக் குறித்த செய்திகள் பலவற்றில் 'விண்வெளியிலிருந்து குதித்தவர்' என்ற அடைமொழி இடம்பெற்றது. அவர் விண்வெளியிலிருந்து குதிக்கவில்லை. 2012 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகரிலிருந்து எழும்பிய ஹீலியம் பலூனில் தொங்கிய கூண்டிலிருந்து அவர் குதித்தார். உயரம் 38,969 மீட்டர். ஏறத்தாழ 39 கிலோமீட்டர். விண்வெளியின் தொடக்கம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் கார்மன் கோடு 100 கிலோமீட்டரில் இருக்கிறது. அவர் நின்ற இடம் அதில் பாதி உயரம்கூட இல்லை. அது வளிமண்டலத்தின் ஒரு பகுதியான அடுக்கு மண்டலம்.

இதைச் சுட்டிக்காட்டுவது மொழியியல் படித்தவர்களுக்கே உரிய சொற்பிடிவாதம் என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். பிடிவாதம்தான், ஆயினும் காரணமற்றதன்று. அந்த அடைமொழி, குதிப்பின் அறிவியலையே மறைத்துவிடுகிறது. காற்றே இல்லாத வெளியில் விழும் பொருளின் இயக்கத்தைக் கணிக்கப் பள்ளிப் பாடநூலின் சமன்பாடுகள் போதும். மிக மெல்லிய காற்றிலிருந்து அடர்ந்த காற்றுக்குள் ஒரு மனித உடல் விரைந்து நுழையும்போது என்ன நிகழ்கிறது என்பதுதான் எளிதில் கணிக்க முடியாத கேள்வி. அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் எஞ்சுவது உயரம் என்ற ஓர் எண் மட்டுமே.

இத்தகைய குதிப்புகளை அந்த எண்ணைக்கொண்டு மதிப்பிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மனித உடல் நேரில் சென்றாலன்றி விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருந்ததா? கிடைத்த விடை பிறர் எடுத்தாளத்தக்க பதிவாக எஞ்சியதா? இவ்விரண்டையும் கேட்ட பிறகே ஒரு குதிப்பைப் பாராட்டவோ பழிக்கவோ நமக்கு உரிமை உண்டு.

முதலில் இயற்பியல். 39 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதில் 250இல் ஒரு பங்குக்கும் குறைவு. ஈர்ப்போ ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் குறைகிறது. ஆகவே குதித்தவர் முதல் அரை நிமிடத்துக்கு, ஏறத்தாழத் தடையே இன்றி, நொடிக்கு நொடி வேகம் கூடியபடி விழுகிறார். பாம்கார்ட்னர் சுமார் 34 நொடிகளில் ஒலியின் வேகத்தை எட்டினார். ஏறத்தாழ 50 நொடிகளில், 28 கி.மீ. உயரத்தை நெருங்கும்போது, அவருடைய வேகம் உச்சத்தைத் தொட்டது: மணிக்கு 1,357.6 கி.மீ.; நொடிக்கு 377 மீட்டர்.

ஏன் அந்த உயரத்தில்? வேகம் உச்சத்தைத் தொடும் கணத்தில் காற்றின் இழுவை உடலின் எடைக்குச் சமமாகிறது. அதாவது அந்த உயரத்துக்குரிய முற்றுத் திசைவேகத்தில் உடல் விழுகிறது. முற்றுத் திசைவேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். 28 கி.மீ. உயரத்தில் அடர்த்தி கடல்மட்டத்தைப் போல 49இல் ஒரு பங்கு. 49இன் வர்க்கமூலம் 7. நிலத்துக்கு அருகே கைகால்களை விரித்து விழும் ஒருவரின் முற்றுத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 54 மீட்டர். ஏழால் பெருக்கினால் 378. உடையின் எடை, உடலின் கிடப்பு, ஒலிவேகத்துக்கு அருகே இழுவை மாறும் விதம் ஆகியவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்த தோராயக் கணக்கு இது. இவ்வளவு நெருங்கி வந்ததில் தற்செயலின் பங்கும் உண்டு. ஆனாலும் நிகழ்வின் உள்ளமைப்பை இந்த ஒரு வரிக் கணக்கு விளக்கிவிடுகிறது.

ஒலியும் தன் பங்கைச் செய்கிறது. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் நொடிக்கு 340 மீட்டராக இருக்கும் அது, உறைகுளிரான அந்த உயரத்தில் ஏறத்தாழ 300 ஆகக் குறைகிறது. அதனால்தான் 377 மீட்டர் வேகம் 1.25 மாக் ஆகிறது. அதற்குப் பின்னர் அடர்த்தி கூடக்கூட முற்றுத் திசைவேகம் குறைகிறது. பாராசூட்டை விரிப்பதற்கு முன்பே, விழுந்துகொண்டிருக்கும்போதே வேகம் தணிகிறது. காற்றே அவரைப் பிடித்து நிறுத்துகிறது.

அதே காற்றுதான் கொல்லவும் கூடும். மெல்லிய காற்றில் கைகால்களை அசைத்து உடலைத் திருத்திக்கொள்ளப் போதிய பிடிமானம் இல்லை. சற்றே சுழலத் தொடங்கிய உடல், காற்று அடரும்போது பம்பரமாகச் சுழலக்கூடும். குருதி தலைக்கு விரைந்து நினைவு தப்பும். மறுபுறம், சுமார் 19 கி.மீ. உயரத்துக்கு மேல் காற்றழுத்தம் மிகக் குறைவதால், உடலின் வெப்பநிலையிலேயே நீர் கொதிக்கும். அழுத்த உடை கிழிந்தால் திசுக்களில் உள்ள நீர் ஆவியாகி உடல் வீங்கும். இந்த இரு அபாயங்களுக்கும் விடை தேடிய கதையே இக்குதிப்புகளின் உண்மையான வரலாறு.

அந்த வரலாற்றில் ஜோசப் கிட்டிங்கரை முதலில் வைப்பேன். 1950களின் இறுதியில் போர் விமானங்கள் மிக உயரே பறக்கத் தொடங்கியிருந்தன. அங்கே விமானம் பழுதடைந்தால் விமானி வெளியேறி உயிர்பிழைக்க முடியுமா என்பதை அமெரிக்க விமானப்படை அறிய வேண்டியிருந்தது. பொம்மைகளை வீசிச் சோதித்ததில் அவை நிமிடத்துக்கு 200 முறை வரை சுழன்றன. ஃபிரான்சிஸ் போப்ரே என்பவர், முதலில் ஒரு சிறிய பாராசூட் விரிந்து உடலை நிலைப்படுத்தவும், பிறகு பெரியது விரியவும் ஏற்ற அமைப்பை உருவாக்கினார். 1959 நவம்பர் 16 அன்று 76,400 அடி உயரத்திலிருந்து கிட்டிங்கர் அதைத் தன் உடலில் கட்டிக்கொண்டு குதித்தார். சிறிய பாராசூட் உரிய நேரத்துக்கு முன்பே வெளிப்பட்டு, அதன் கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 சுழற்சி, நினைவிழந்தார். தானாக விரிந்த பாராசூட் அவரைக் காப்பாற்றியது. நான்கு வாரங்களுக்குள் மீண்டும் குதித்தார். 1960 ஆகஸ்ட் 16 அன்று மூன்றாவது முறையாக, 1,02,800 அடி உயரத்திலிருந்து குதித்தார். மேலேறும் வழியிலேயே வலக்கையுறையின் அழுத்தம் போய்விட, கை இரு மடங்காக வீங்கியது. பயணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று தரையிலிருந்தோரிடம் அவர் அதை உடனே சொல்லவில்லை. அந்த மறைப்பை வீரம் என்று நான் போற்ற மாட்டேன். ஆனால் அந்தக் குதிப்புக்கு ஒரு கேள்வி இருந்தது. பொம்மைகளால் தர இயன்ற விடையைப் பெற்ற பிறகே மனிதர் அனுப்பப்பட்டார். கிடைத்த விடை விமானிகளின் உயிர்காப்பு ஏற்பாடுகளுக்குச் சென்றது.

இங்கே ஒரு சொற்சிக்கல் குறுக்கிடுகிறது. கிட்டிங்கர் குதித்த உயரம் 52 ஆண்டுகள் விஞ்சப்படாமல் நின்றது. ஆனாலும் 'தடையின்றி விழுந்த' தொலைவுக்கான பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் சாதனை அவர் பெயரில் இல்லை. சோவியத் நாட்டின் எவ்கெனி ஆந்திரேயேவ் பெயரில் இருந்தது. நிலைப்படுத்தும் சிறு பாராசூட்டைப் பயன்படுத்தியவர் 'தடையின்றி' விழுந்தவர் ஆவாரா என்பதே வேறுபாடு. 1962 நவம்பர் 1 அன்று ஆந்திரேயேவ் 25,458 மீட்டரிலிருந்து குதித்து, 24,500 மீட்டர் தொலைவுக்கு எந்தப் பாராசூட்டும் விரிக்காமல் விழுந்தார். நம் பாடநூல்களில் 'தடையின்றித் தானே கீழே விழும் பொருள்' என்றால் ஈர்ப்பு தவிர வேறெந்த விசையும் செயல்படாத பொருள். அந்த இலக்கணப்படி இவர்களில் எவரும், முதல் சில நொடிகள் தவிர, தடையின்றி விழவில்லை. வான்குதிப்போரின் வழக்கில் அதே தொடர் 'பாராசூட் விரியாத நிலை' என்று பொருள்படுகிறது. வரையறையை மாற்றினால் சாதனையாளரும் மாறிவிடுகிறார். இயற்கையில் அப்படியே கிடைக்கும் எண் அன்று சாதனை; அது நாம் வகுத்த வகைப்பாட்டின் விளைவு.

அதே நாளில், அதே கூண்டிலிருந்து பியோத்தர் தோல்கோவ் என்பவரும் குதித்தார். அவருடைய பணி வேறு. 28,640 மீட்டரில் குதித்து, உடனே பாராசூட் விரித்து, அழுத்த உடையையும் அமைப்பையும் சோதிப்பது. வெளியேறும்போது தலைக்கவசம் கூண்டில் மோதி, முகக் கண்ணாடி விரிசலுற்றது. உடையின் அழுத்தம் வெளியேற, அவர் இறந்தார். பாராசூட் அவரைத் தரைக்குக் கொண்டுவந்தது. ஆந்திரேயேவின் எண் ஐம்பது ஆண்டுகள் பட்டியலில் நின்றது. தோல்கோவ் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்த பெயர்? சோதனைக்காக உயிரைக் கொடுத்தவர் மறக்கப்பட்டு, எண் நினைவில் நிற்பது பட்டியல்களின் இயல்பு. அதை நம் நினைவின் இயல்பாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

எண்ணுக்காகவே சென்றவரின் கதையும் உண்டு. நிக் பியான்டனிடா நியூ ஜெர்சியைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். உயரச் சாதனையை முறியடிப்பதற்காகவே வான்குதிப்பைக் கற்றார். 1966 பிப்ரவரியில் 1,23,500 அடி உயரத்தை அடைந்தார். ஆனால் கூண்டுடன் இணைத்த ஆக்சிஜன் குழாயைக் கழற்ற முடியாமல் குதிக்கவே இயலவில்லை. மூன்று மாதங்களில் மீண்டும் முயன்றார். மே 1 அன்று, 57,000 அடியைத் தொடும் நேரத்தில் உடையின் அழுத்தம் போனது. நினைவு திரும்பாமலே ஆகஸ்டில் இறந்தார். அவருடைய துணிவைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆயினும் கிட்டிங்கரின் முயற்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிகிறது. முன்னதில் ஒவ்வொரு தோல்வியும் அடுத்த குதிப்பின் வடிவமைப்புக்குள் சென்றது. பின்னதில் எட்ட வேண்டிய எண் மட்டும் முன்னே நின்றது.

பாம்கார்ட்னரை எந்தப் பக்கம் சேர்ப்பது? எளிதாக விளம்பரம் என்று தள்ளிவிடலாம். ஒரு குளிர்பான நிறுவனத்தின் பணம். யூடியூபில் ஒரே நேரத்தில் எண்பது லட்சம் இணைப்புகளில் ஓடிய நேரலை. யேகர் விமானத்தில் ஒலிவேகத்தைக் கடந்த 65ஆம் ஆண்டு நாள். ஆனால் அத்திட்டத்தின் மருத்துவத் தலைவரின் பெயர் ஜொனாதன் கிளார்க். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் சிதைந்த கொலம்பியா விண்ணோடத்தில் இறந்த லாரல் கிளார்க் அவருடைய மனைவி. உயரத்தில் உடை கிழிந்தவருக்கு என்ன மருத்துவம் செய்வது என்ற கேள்வி அவருக்கு வெறும் ஆய்வுத் தலைப்பாக இருந்திருக்க முடியாது. கொலம்பியா சிதைந்த உயரமும் வேகமும் பாம்கார்ட்னருடையதை வெகுவாக மிஞ்சியவை; அத்தகைய விபத்துக்கு இக்குதிப்பு விடையாகிவிடாது. எனினும் விமானக் கூண்டு இன்றி, உடை மட்டுமே அணிந்த மனித உடல் ஒலிவேகத்தைக் கடந்து மீள முடியும் என்பதற்கும், நடுவே சுழற்சியில் சிக்கினாலும் பயிற்சியால் மீண்டெழ முடியும் என்பதற்கும் அளவீடுகளோடு கூடிய சான்று அன்று கிடைத்தது.

எனக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுவது பின்னர் நிகழ்ந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அந்தக் குதிப்பின் தரவுகளை எடுத்து ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். வழவழப்பான பொருள் ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவைக் குணகம் செங்குத்தாக உயரும் என்பது பாடநூல் செய்தி. மடிப்புகளும் முதுகுப் பையும் கொண்ட ஒழுங்கற்ற மனித உடலுக்கு அந்த உயர்வு மிகக் குறைவாகவே இருந்தது என்று அவர்கள் கண்டார்கள். இந்தக் கேள்விக்காக யாரும் பலூனை ஏற்றவில்லை. அளவீடுகள் இருந்தன; அவை ஆய்வாளர் கைக்கு எட்டின; ஐந்தாண்டுகள் கழித்து வேறொருவர் வேறொரு கேள்வியோடு வந்தபோது விடை காத்திருந்தது.

ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது: முறியடிக்கப்பட வேண்டிய எல்லையையும், எழுதிவைக்கப்பட்ட ஆவணத்தையும். தமிழ் இவற்றைச் சாதனை என்றும் பதிவு என்றும் பிரித்துவைத்திருக்கிறது. இந்தப் பிரிவு நமக்குக் கிடைத்த வசதி. சாதனை என்றேனும் முறியடிக்கப்படும். பாம்கார்ட்னரின் உயரம் இரண்டே ஆண்டுகளில் முறிந்தது. பதிவை எவரும் முறியடிப்பதில்லை, அதன்மேல் கட்டுகிறார்கள்.

அந்த உயரத்தை முறியடித்தவர் ஆலன் யூஸ்டஸ். 2014 அக்டோபர் 24 அன்று, தம் 57ஆம் வயதில், 41,419 மீட்டரிலிருந்து விழுந்தார். கூகுளில் மூத்த துணைத் தலைவராக இருந்தவர், நிறுவனம் உதவ முன்வந்தும் ஏற்கவில்லை, நேரலையும் இல்லை. கூண்டே இல்லாமல், அழுத்த உடையோடு பலூனின் அடியில் தொங்கியபடி மேலேறினார். கூண்டு இன்றி உடையை மட்டுமே நம்பி மனிதர் அங்கே சென்று வர முடியுமா என்பது பொறியியலில் பொருளுள்ள கேள்வி. அவர் நிலைப்படுத்தும் சிறு பாராசூட்டைப் பயன்படுத்தினார். எனவே வேகச் சாதனை இன்றும் பாம்கார்ட்னரிடம், உயரச் சாதனை யூஸ்டஸிடம். ஆரவாரத்தோடு நிகழ்ந்ததைப் பலர் நினைவில் வைத்திருக்க, அதனினும் உயரே அமைதியாக நிகழ்ந்ததை வெகுசிலரே அறிவார்கள். உயரம்தான் நம்மைக் கவர்கிறது என்ற எண்ணமே இதனால் ஐயத்துக்குரியதாகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பயனைக் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதன் மலையேறியிருக்கவே மாட்டான். எல்லையைத் தொட்டுப்பார்க்கும் ஆவலே போதிய நோக்கம். அந்த நேரலையைக் கண்ட சிறுவர்களில் எவரேனும் இயற்பியலுக்கு வந்திருக்கலாம். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆவலுக்காக உயிரைப் பணயம் வைப்பது அவரவர் உரிமை. அந்த ஆவலுக்கு அறிவியலின் பெயரைச் சூட்டும்போது மட்டும் அறிவியலின் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. அளவிட வேண்டும், வெளியிட வேண்டும், தோல்வியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'விண்வெளியிலிருந்து' போன்ற மிகையை, அதைப் பிறர் சொன்னாலும், திருத்த வேண்டும்.

மனிதர் தேவைதானா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஐதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் பல பத்தாண்டுகளாக அடுக்கு மண்டலத்துக்குக் கருவிகளை அனுப்பிவருகிறது. 2005 ஏப்ரலில் அங்கிருந்து எழும்பிய பலூன் ஒன்று, இஸ்ரோவின் திட்டத்துக்காக, 20 கி.மீ. முதல் 41 கி.மீ. வரையிலான உயரங்களில் காற்று மாதிரிகளைச் சேகரித்தது. அவற்றிலிருந்து மூன்று புதிய பாக்டீரியா இனங்களைக் கண்டதாக 2009இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயரையும் மற்றொன்றுக்கு ஆரியபட்டரின் பெயரையும் சூட்டினார்கள். யூஸ்டஸ் தொங்கிய அதே உயரம். ஒன்பது ஆண்டுகள் முன்பு. மனிதர் எவரும் இல்லாமல். அந்தக் கேள்விக்கு மனித உடல் தேவைப்படவில்லை. எனவே எவரும் போகவில்லை. அது சரியான முடிவு.

மனித உடல் தேவைப்படும் கேள்விகளும் இங்கே உண்டு. 2025 அக்டோபரில், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு உருவாக்கிய படைவீரர் பாராசூட்டைச் சோதிக்க, விமானப்படையின் சோதனைக் குதிப்பாளர்கள் 32,000 அடி உயரத்திலிருந்து குதித்தார்கள். உலகப் பட்டியலில் அந்த எண்ணுக்கு இடமில்லை. கிட்டிங்கரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆனால் நாளை அதை அணியப்போகும் வீரருக்கு வேண்டிய விடை அங்கேதான் கிடைக்கிறது. ககன்யான் திட்டத்தில் முறை வேறு. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஏவுகலத்திலிருந்து, ஒலிவேகத்தைக் கடந்த நிலையில், ஆளில்லாத கலம் பிரிந்து பாராசூட்டுகளின் துணையோடு கடலில் இறங்கியது. மனிதரை ஏற்றுவதற்கு முன் வெறுங்கலத்தை விழவிடுவதே இங்கு ஒழுங்கு. கிட்டிங்கருக்கு முன்னால் பொம்மைகள் விழுந்த அதே ஒழுங்கு.

ஆய்வு மாணவர்களான நமக்கு இதில் சிறிது கூச்சமும் ஏற்பட வேண்டும். 'முதன்முறையாக', 'இதுவரை எவரும் செய்யாத', 'மிகப் பெரிய' என்ற அடைமொழிகள் இல்லாத ஆய்வு முன்மொழிவை எழுதுவது அரிதாகிவிட்டது. தரவுகள் ஆய்வேட்டோடு உறங்குகின்றன. கைகூடாத சோதனைகள் ஆய்வேட்டில் ஏறுவதே இல்லை. கருவியைக் குறிக்கும் சாதனம் என்ற சொல்லும் சாதனையும் ஒரே வேரின. கருவியையும் அளவீட்டையும் கழற்றிவிட்டுச் சாதனையை மட்டும் அணிந்துகொள்ளும் வழக்கம், 39 கி.மீ. உயரத்தில் இருந்தால் என்ன, பல்கலைக்கழகத்தின் இரண்டாவது மாடியில் இருந்தால் என்ன?

41,419 மீட்டர் என்ற எண்ணும் ஒருநாள் முறியும். அன்று வரும் செய்தியில் உயரத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எதை அறிய ஒரு மனிதரை அங்கே அனுப்பினார்கள், அளந்தவற்றை எங்கே வெளியிட்டார்கள் என்று தேடிப்பாருங்கள். விடை இருந்தால் மனமாரப் பாராட்டுவோம். இல்லையென்றால், உயிரோடு இறங்கியவருக்காக மகிழ்ந்துவிட்டு நம் வேலைக்குத் திரும்புவோம்.